ஒரு சத்தத்துக்கு மட்டும் இடம்

கடை வாசலில் அன்னப்பூரணி செருப்பைக் கழற்றுவதைக் கண்டதும் கொலின் கைவேலையை அப்படியே வைத்துவிட்டான். ஒரு வருசமாக அவன் பயந்துகொண்டிருந்த வழக்கு இன்றைக்குப் படியேறி வந்துவிட்டது.

ஆனால் அவள் சண்டைக்கு வந்தவள்போல இல்லை. துவாயில் சுற்றிக் கொண்டுவந்ததை, தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல மேசையில் வைத்தாள். உள்ளே அதே சின்னக் கீபோர்ட்.

"பற்றரி மாத்தோணும் தம்பி. போன முறை மாதிரி."

போன முறை மாதிரியாம். அந்தச் சொல் எங்கே போய்க் குத்தும் என்று அவளுக்கு என்ன தெரியும்!

மட்டக்களப்பில் கீபோர்ட், சிந்தசைசர் பழுதுபார்க்கக் கொலினை விட்டால் ஆளில்லை. பாசிக்குடா ஹோட்டல்களில் உப்புக்காற்றுப் பட்டுச் செத்த பெட்டிகளெல்லாம் புளியந்தீவில் அவன் மேசைக்கு வந்துதான் உயிர்பிழைக்கும். நாற்பது வருசப் பழசோ, போன மாதம் வந்த புதுசோ, காதை வைத்தே எது போயிற்று என்று சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்டவன் கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்த இந்த விளையாட்டுச் சாமானிடம் தோற்றுப்போனான்.

அது எண்பதுகளில் வந்த வகை. மைக்கில் ஒரு சத்தம் போட்டால் பிடித்துக்கொள்ளும். பிறகு எந்தக் கட்டையை அமத்தினாலும் அந்தச் சத்தத்திலேயே பாடும். ஒரேயொரு சத்தத்துக்குத்தான் அதில் இடம். பற்றரியும் இல்லாமல், கறண்டும் இல்லாமல் போனால் அதுவும் அழிந்துவிடும்.

பற்றரி மாற்றிவந்த கணவன் கட்டாருக்குப் போய்விட்டான், இதைத் தொட எனக்குப் பயம் என்று சொல்லித்தான் போன வருசம் முதன்முதலாகக் கொண்டுவந்தாள். ஒரே மகன், காய்ச்சலில் போய் மூன்று வருசமாம். அவன் பதிந்தது உள்ளே இருக்கிறது, நீங்கள் அமத்திக் கேட்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

ஸ்பீக்கரின் மேல் ஒரு சின்னக் கையளவுக்கு வண்ணம் தேய்ந்திருந்தது. வாசிக்கும்போதெல்லாம் மகன் மற்றக் கையை அதில் பொத்தியே வைத்திருப்பானாம். அந்த இடத்தை மட்டும் துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனாள்.

கொலின் எல்லாம் முறைப்படிதான் செய்தான். அடப்டரைச் செருகி, விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் பழைய பற்றரிகளைக் கழற்றினான். புதியதைக் கையில் எடுக்கவும் ஊர் முழுக்கக் கறண்ட் நிற்கவும் சரியாக இருந்தது. கறண்ட் திரும்பியதும் ஒரு கட்டையை அமத்திப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை.

அழுகையாவது வந்திருக்கலாம், அதுவும் வரவில்லை. மரத்துப்போய் உட்கார்ந்திருந்தவனுக்கு, ஒரு பிள்ளை தாய்க்கு என்ன பதிந்து வைத்திருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. உள்ளே விளையாடிக்கொண்டிருந்த தன் மகள் கிம்மைக் கூப்பிட்டு, மைக்கில் 'அம்மா' என்று சொல்லச் சொன்னான். 'மம்மி' என்றே பழகிய பிள்ளை. ஏழாவது தரம்தான் சரியாக வந்தது. பின்னேரம் வந்த அன்னப்பூரணி ஒன்றும் கேட்காமல் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து கொலினுக்கு எதுவும் உறைக்கவில்லை. சாப்பிட்டான், வேலை செய்தான், ஞாயிறு பூசைக்கும் போய்வந்தான். கிம் வாய் திறந்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவான். போய் உண்மையைச் சொல்லுங்கள் என்று மனைவி ஹேசல் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். செத்த பிள்ளையை இரண்டாம் தரம் கொன்றவன் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

"இண்டைக்குக் கறண்ட் போகாதே?" என்று மேசைக்கு முன்னால் நின்ற அன்னப்பூரணி இப்போது கேட்டாள்.

கொலின் தலை நிமிரவில்லை. இந்த முறை அடப்டரை யூ.பி.எஸ்ஸில் செருகினான், அன்றைக்கு இல்லாத புத்தி. பழையதைக் கழற்றி, புதியதைப் போட்டு, மூடியைப் பூட்டினான். ஒரு பொய்யை இவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றும் தன் கையைப் பார்க்க அவனுக்கே அருவருத்தது.

"அக்கா, இதில இருக்கிறது உங்கட மகன்ட சத்தம் இல்ல."

பிறகு எதையும் மறைக்கவில்லை. கறண்ட் போனது, கட்டை பேசாமல் கிடந்தது, கிம்மைப் பேசவைத்தது எல்லாவற்றையும் யாருக்கோ நடந்ததுபோலச் சொல்லி முடித்தான். அவள் கேட்டபடியே துவாயை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும். அண்டைக்கே வீட்ட போய் அமத்திப் பார்த்தன்," என்றாள். "முன்ன அதில இருந்தது அவன் கை தட்டின சத்தம். அண்டிரவு முழுக்க அழுதன்."

கொலின் இப்போதுதான் தலை நிமிர்ந்தான். அப்போதே வந்து ஏசியிருக்கலாமே, எல்லாம் தெரிந்தும் இதைத் தூக்கிக்கொண்டு வந்து ஏன் பற்றரி மாற்றச் சொல்கிறீர்கள் என்று ஒருவழியாகக் கேட்டான்.

அன்னப்பூரணி ஸ்பீக்கரில் தேய்ந்திருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"அவன் காது கேளாத, வாய் பேசாத பிள்ளை தம்பி. இதுக்கு முன்ன என்னை ஆரும் அம்மா எண்டு கூப்பிட்டதில்ல."