ரொட்டி டப்பா

ஆய்வகக் குளிர்பெட்டியைத் திறந்த இயக்குநர், ஒரு டப்பாவுக்குள் ரொட்டி மேல் நூல்நூலாகப் பூஞ்சை படர்ந்திருப்பதைக் கண்டு கொதித்துப்போனார்.

“இது ஆராய்ச்சிக்கூடமா, அடுப்பங்கரையா? நான் ஜீனை மாத்தி, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பூஞ்சை வளர்க்கறேன். பக்கத்துல இந்தக் குப்பையா?”

“மன்னிச்சிடுங்க சார். லீவுல போனப்ப மறந்துட்டேன்” என்றாள் உதவியாளப் பெண்.

எல்லோர் முன்னாலும் அவளைக் கிடங்கு வேலைக்குத் துரத்தினார். டப்பாவை விசாரணைக்குச் சாட்சியாக ஆய்வகத்தின் ஜீன் பரிசோதகரிடம் ஒப்படைத்தார்.

சில மாதங்களில் இயக்குநரின் ஆய்வுத் தட்டில் வளர்ந்த பூஞ்சை, சாயப்பட்டறைக் கழிவைத் தின்று தெளிந்த நீராக்கியது. ஊரே மெச்சியது. பாராட்டு விழாவும் வந்தது.

மேடை ஏறப்போனவரைப் பரிசோதகர் ஓரமாக இழுத்தார்.

“சார், நீங்க செருகின ஜீன் இதுல இல்லவே இல்ல. உங்க பூஞ்சை எப்பவோ செத்துடுச்சு. இது வேற.”

“வேறன்னா?”

“அந்த ரொட்டி டப்பாவுல இருந்ததுதான், குளிர்பெட்டியில உங்க தட்டுக்குப் பரவியிருக்கு. ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துட்டேன்.”

அரங்கில் கைதட்டல் எழுந்தது. கூனிக்குறுகி நின்றவரிடம் அந்தப் பெண் தயங்கியபடி வந்தாள்.

“வாழ்த்துகள் சார். விசாரணை முடிஞ்சிருந்தா என் டப்பாவ வாங்கிக்கலாமா? இனிமே நல்லாத் தேய்ச்சுக் கழுவி வச்சுக்கறேன்.”