பாறைமேல் செருப்பு

எடுத்த படத்தை நாலு பேரிடம் காட்டி, "சரியா வந்திருக்கா?" என்று கேட்காமல் உமாபதிக்குத் தூக்கம் வராது. பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் கேமராவோடு அலைந்தும் தன் கண்ணை அவன் நம்பியதில்லை. அன்று விடியலில் கல்குவாரிக் குட்டையின் எதிர்க்கரைப் பாறையில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து போனால் படம் சுத்தமாக இருக்கும் என்று முக்கால் மணி நேரம் காத்திருந்தான். குனிந்து லென்ஸை மாற்றிவிட்டு நிமிர்ந்தபோது பாறை காலியாக இருந்தது; செருப்பை மட்டும் விட்டுப் போயிருந்தார். அதை அப்புறப்படுத்தச் சுற்றிக்கொண்டு போனால் வெளிச்சம் மாறிவிடும். அரைமனதாக அழுத்தினான். கேமரா சங்கத்தின் கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. "அந்தச் செருப்புதான் சார் படமே. வேற யாராவதா இருந்தா அதை நகர்த்திட்டுதான் படம் எடுத்திருப்பாங்க" என்றார் நடுவர். "தெரிஞ்சுதான் விட்டேன்" என்றான் உமாபதி. அவன் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. கண்காட்சியின் மூன்றாம் நாள், செய்தித்தாளில் வந்த அந்தப் படத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தின் அருகே போய் வெகுநேரம் நின்றாள். "இடது வார் அறுந்துபோச்சுன்னு நான்தான் நீல நூல் போட்டுத் தச்சேன். தை மாசத்துல இருந்து அவரைத் தேடறோம். நீங்க படம் எடுக்கறப்ப அவர் எந்தப் பக்கமா போனாருங்க?" உமாபதி படத்தைப் பார்த்தான். பாறைக்குக் கீழே தண்ணீரில் எழுந்த வளையங்கள் இன்னும் கரையைத் தொட்டிருக்கவில்லை.