வேம்படிச் சூலம்

"மாஸ்ரர், ஒருக்கா வந்து பாருங்கோ. கிண்டின அலவாங்கு பட்ட இடத்திலை வைரவர் எழும்பிட்டார்."

வேலிக்கு மேலால் தலையை நீட்டியவர் பக்கத்து வீட்டு நடராசா. வேலி அரையடி அங்கால் போனது ஆர் செய்த வேலை என்ற வழக்கில், இரண்டு பேரும் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் கதைப்பதில்லை என்பது கொக்குவிலில் அந்த ஒழுங்கைக்கே தெரியும். அப்படிப்பட்டவர் கூப்பிடுகிறார் என்றால், வைரவர் கொஞ்சம் வில்லங்கமாகத்தான் எழும்பியிருக்க வேண்டும்.

தியாகலிங்கம் மாஸ்ரர் சாய்மனைக் கதிரையை விட்டு ஆறுதலாக, அவசரமில்லாமல் எழும்பினார். சுவாமி வீதிவலம் வந்து வீட்டுப் படலை வாசலில் நின்றாலும் அந்தக் கதிரையை விட்டு அசையாதவர் அவர். விஞ்ஞானம் படிப்பித்த மனுஷன். காணாததை நம்பமாட்டார், கண்டால் இரண்டு தரம் விசாரிப்பார்.

நடராசாவின் வளவில், வேலியோரத்து வேம்பைச் சுற்றிச் சனம். வீட்டு முகப்பில் கட்டிய புதுப் போர்ட்டிக்கோ மேல் சருகு கொட்டுகிறதென்று மரத்தை வேரோடு கிளப்ப ஆள் பிடித்திருந்தார் நடராசா. சருகு இந்தப் பக்கம் விழுந்தாலும் நிழல் விழுவது மாஸ்ரரின் கூரையில். "தறிக்காதையும், வெயிலுக்கு நாங்கள் அவிஞ்சு போவம்" என்று போன கிழமை மாஸ்ரர் கேட்டிருக்கிறார். "மரம் ஆற்றை காணியிலை நிக்குது?" என்று பதில் வந்திருக்கிறது. ஒழுங்கை முழுக்க அதுதான் கதை.

வேரடிக் குழிக்குள் வைரவர் சூலம் ஒன்று கிடந்தது. முழங்கை நீளம். துருவேறி, நடு முனை மழுங்கிப் போயிருந்தது.

"நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன், மாஸ்ரர்," என்றார் மரம் தறிக்க வந்த கனிசியஸ். அலவாங்கு எப்போதோ அவர் கையை விட்டுக் கீழே போய்விட்டது. "எண்டாலும் வைரவரோடை எனக்கு ஒரு கோவமும் இல்லை. நான் தொடன்."

நடராசாவின் மனைவி குணலட்சுமி அதற்குள் செவ்வரத்தம்பூ வைத்துக் கற்பூரமும் கொளுத்திவிட்டாள். நடராசாவுக்குத்தான் இருதலைக் கொள்ளி. மரமும் போகவேண்டும், பழியும் வரக்கூடாது.

"நீங்கள் படிச்ச மனுசன். உது உண்மையோ?" என்று மெல்லமாகக் கேட்டார்.

"நான் ஒண்டு கேக்கிறன், சொல்லும். இரும்பு தானா மண்ணுக்கை முளைச்சது எண்டு நம்புறது லேசோ, ஆரோ கொண்டுவந்து புதைச்சது எண்டு நம்புறது லேசோ?"

"அப்ப புதைச்சது ஆர்?"

"தெரியாது. தெரியாததெல்லாம் கடவுளோ? உம்மடை தண்ணி மோட்டர் ஏன் நிண்டதெண்டு உமக்குத் தெரியேல்லை. அதுக்கும் கற்பூரம் கொளுத்தினீரோ?"

கனிசியஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். குணலட்சுமி விடவில்லை.

"டொக்டர் கைவிட்ட என்ரை தங்கச்சி நேர்த்தி வைச்சு எழும்பி நடக்கிறாள். அதுக்கு என்ன சொல்லுறியள்?"

"நேர்த்தி வைச்சும் எழும்பாத ஆக்கள் எத்தினை பேர், பிள்ளை? அவையள் ஏன் வந்து சாட்சி சொல்லேல்லை?"

"செத்த ஆக்கள் எப்பிடி மாஸ்ரர் வந்து சொல்லுறது?"

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

குணலட்சுமி தோற்றதா வென்றதா என்று தெரியாமல் சனம் ஆளை ஆள் பார்த்தது. மாஸ்ரர் வகுப்பில் நின்ற காலத்துக் குரலை எடுத்தார்.

"நடராசா, என்ரை வீட்டு நிழல் போனாலும் காரியமில்லை. ஒரு இரும்புத் துண்டுக்குப் பயந்து நிக்கிறது வெக்கம். தறியும்."

மாஸ்ரர் சொல்லி நடராசா எதையாவது செய்த சரித்திரம் உண்டா? முகம் சிவந்துவிட்டது.

"உங்கடை நிழல் போனாலும் எங்கடை வைரவர் இருக்கக்கூடாது, என்ன? இது என்ரை காணி, என்ரை வைரவர். கனிசியஸ், குழியை மூடும். மரம் நிக்கும்."

மாஸ்ரர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார். தோற்றுப் போன மனுஷனைப் பார்க்கச் சனத்துக்கும் ஒரு சந்தோஷம்தான்.

வீட்டு விறாந்தையில் மனைவி மகாதேவி, வடகத்துக்குச் சுளகில் வேப்பம்பூப் புடைத்துக்கொண்டிருந்தாள். தினமும் விடிய அந்த வேம்படிக்குப் போய்ப் பொறுக்கி வருகிற பூ. மாஸ்ரர் கதிரையில் சாய்ந்தார். கூரைமேல் நிழல் குளிர்ச்சியாகக் கிடந்தது. அப்போதுதான் சிரித்தார்.

"இஞ்சேரும், பாத்தீரே? நான் இண்டைக்கும் தறிக்காதை எண்டிருந்தா இப்ப அது விறகு. எனக்கு எதிரா நிக்கவெண்டே அந்தாள் வைரவரைப் பிடிச்சிட்டுது. கொல்லனிட்டைச் சூலம் அடிப்பிச்சுப் புளித்தண்ணியிலை ஊறவைச்சது வீண்போகேல்லை. என்ரை முழங்கால் மடங்குமெண்டா நானே போய்ப் புதைச்சிருப்பன், உம்மட்டைத் தந்திருக்கமாட்டன். நீர் என்னையும் விடக் கெட்டிக்காரி, நடு முனையைக் கல்லிலை தேய்ச்சு மழுக்கியும் விட்டிருக்கிறீர்."

மகாதேவி சுளகை நிலத்தில் வைத்தாள்.

"நீங்கள் பேசுவியளெண்டுதான் சொல்லேல்லை. சாமியை வைச்சு விளையாட எனக்கு மனம் வரேல்லை. நான் புதைக்கேல்லை."

உள்ளே போனாள். அரிசிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து, பழைய பேப்பரில் சுற்றியபடியே இருந்த பொட்டலத்தைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். மாஸ்ரர் அவிழ்த்தார். புளித்தண்ணியில் துருவேற்றிய சூலம். மூன்று முனையும் கூராக இருந்தது.

வேலிக்கு அங்கால் குணலட்சுமி பூசை மணியைக் கிலுக்கினாள். தியாகலிங்கம் மாஸ்ரர் கதிரையை விட்டு எழும்பி நின்றார்.