விற்றும் நகராத மெஷின்

பிற்பகல் வெயில் கடையின் மூலையிலுள்ள தையல் மெஷின் மேல் விழுந்து, அதன் தூசியைக் காட்டிக்கொடுக்கிறது. கடைக்காரியின் எதிரே மனைவியோடு கொத்தனார் நிற்கிறார். வீட்டு வாடகைக்குப் பணம் வேண்டும். "மெஷினை நான் தவணைக்கு வாங்கினதா எழுதுங்க. அப்புறம் நீங்களே விலையைக் குறைச்சுத் திருப்பி எடுத்துக்கிட்டு, காசாக் குடுத்துடுங்க. தவணையை நான் முழு விலைக்கே கட்டிடறேன். உங்க வாப்பா கடை பார்த்தப்ப அப்படித்தான் செஞ்சாரு." கடைக்காரி நிமிராமல் சொல்கிறாள்: "தவணை வேணும்னா தர்றேன். ஒரே விலை, லேட்டானாலும் ஏறாது. வித்ததை நானே குறைச்சு வாங்கினா, அந்த வித்தியாசம் வட்டி. அது எங்களுக்கு ஆகாது. மெஷின் சும்மா பேருக்கு நிக்குது." கொத்தனாரின் மனைவி மெஷினின் சக்கரத்தை மெல்லச் சுற்றுகிறாள். எண்ணெய் காணாத முனகலோடு ஊசி இறங்கி ஏறுகிறது. "எடுத்துட்டுப் போவோம். நான் தைக்கிறேன்." "வாடகை?" "வீட்டுக்காரம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்." விலை பேசி முடிகிறது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்குகிறார்கள்; வாசற்படியில் மெஷினின் ஒரு கால் இடித்து மீள்கிறது. கடைக்காரி மூலைக்கு வந்து நிற்கிறாள். வாப்பா எத்தனையோ பேருக்கு விற்ற மெஷின், இன்றுதான் கடையை விட்டுப் போகிறது. அதன் நான்கு கால்களும் ஊன்றியிருந்த இடத்தில் மட்டும் தரை பளபளக்கிறது, நேற்றுப் போட்டதுபோல.