பத்து கிராம் கூடுதல்

"இதுவும் தேறாதுங்க," என்று உதட்டைப் பிதுக்கினாள் மனைவி.

"எவ்வளவு?"

"பத்து கிராம் கூட."

அவர் பெருமூச்சு விட்டு, அந்த மரச்சட்டத்தை மூலையிலிருந்த குவியலில் சேர்த்தார்.

கார் நிற்க வேண்டிய ஷெட்டில், இறக்கை முளைக்காத ஒற்றையாள் விமானம் ஒன்று நின்றது. இறக்கைக்குள் விலா எலும்புகளைப் போல வரிசையாக நிற்கும் சட்டங்களைத்தான் அவர் தன் கையாலேயே செய்துகொண்டிருந்தார். மெல்லிய குச்சிகளை வளைத்து, பசை போட்டு ஒட்ட வேண்டும். எடை கூடினால் கழிவு.

சமையலறைத் தராசில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் சட்டத்தைக் கிடத்தி எடை பார்ப்பார்கள். எண்ணை அவள்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். அவர் பார்வை அவ்வளவு மங்கிவிட்டது.

"இனிமே சைக்கிள்கூட ஓட்டக் கூடாது," என்று கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"விமானத்தைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலையே!" என்று வெளியே வந்ததும் இவர் சிரித்தார்.

அன்றிலிருந்துதான் அவள் எடையைக் கூட்டிக் கூட்டிச் சொல்கிறாள். மூலையில் கிடப்பதில் ஒன்றுகூடக் கழிவில்லை. இறக்கை முடிந்துவிட்டால் மனுஷன் ஏறி உட்கார்ந்துவிடுவாரே!

"பசை டப்பாவை எடும்மா."

கொடுத்தாள். கையில் வாங்கியவர், மூடியைத் திறக்காமலேயே, "அடியில ஒரு கரண்டிதான் இருக்கு. புதுசு உடைக்கணும்," என்றார்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். குச்சியில் கீறிய அளவை நகத்தால் தடவித் தடவி அறுத்தபோது ரம்பம் வழுக்கிக் கட்டைவிரலைப் பதம் பார்த்தது.

"போதும், விடுங்களேன்."

"இது ஒண்ணு தேறிடட்டும்மா."

துணியைச் சுற்றிக்கொண்டு அந்த விரலோடேயே ஒட்டி முடித்தார்.

மறுநாள் பசை காய்ந்ததும் தராசில் வைத்தாள். எடை கச்சிதம். அவர் விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள். வழக்கமான பொய்யைச் சொல்ல மனம் வரவில்லை. எத்தனை நாளைக்கு இந்தப் பிழைப்பு? ஆசை தீரப் பறந்துவிட்டு வரட்டும். அப்புறம் விதி விட்ட வழி.

"சரியா இருக்குங்க. ஒரு கிராம்கூடக் கூடலை."

துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தாள். அவரோ முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"தராசுல கோளாறு போல," என்று அவளே தொடர்ந்தாள். "பழசையெல்லாம் இன்னொரு தடவை போட்டுப் பாத்துடலாம். எல்லாமே தேறிடும்."

"தேறிட்டா இறக்கை முடிஞ்சிடும். முடிஞ்சா ஏறணும். இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு எங்கேருந்து ஏறுறது?"

அவர் சட்டத்தை உள்ளங்கையில் ஏந்தி, லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னும் கொஞ்ச நாள் அதே பொய்யைச் சொல்லியிருக்கலாமேம்மா."