ஒரு கைப்பிடி கொசுறு

"என்ன உரத்தைக் குடுத்தீங்க? தண்ணியா ஒழுகுது."

சந்திரம்மாள் பையை மேசை மேல் வைத்தாள். உள்ளே இருந்த கால்சியம் நைட்ரேட் கஞ்சி மாதிரி கொழகொழவென்று கிடந்தது.

உரக்கடையில் நின்ற நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மருதை கடையில் வந்தா குறை சொல்வது? வையம்பட்டி வட்டாரத்தில் அவரைப் பற்றி இதுவரை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சனிக்கிழமை தவறாமல் முதல் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்துதான் கடை திறப்பார். தராசு எப்போதும் வாங்குபவர் பக்கம் திரும்பியிருக்கும். நிறுத்துப் போட்ட பிறகு ஒரு கைப்பிடி கொசுறு உண்டு. சில்லறைக்கு விற்கும் இந்தக் கால்சியம் நைட்ரேட் உப்பு மூட்டையைக்கூட அவர் வாயைக் கட்டி வைக்க மாட்டார்.

"நம்ம கடையில ஒளிவு மறைவு கிடையாதுங்க. கண்ணால பாத்து வாங்குங்க" என்பார். ஐப்பசி அடைமழையிலும் அந்த மூட்டை வாசலோரம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

மருதை கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததும் இல்லை.

"முதல்ல உக்காருங்கம்மா. எப்ப வாங்கினீங்க?"

"அஞ்சு நாளாச்சு. ரெண்டு கிலோ."

"எங்க வச்சிருந்தீங்க?"

"தாவாரத்துல, ஆணியில மாட்டி வச்சிருந்தேன்."

"பை வாயைக் கட்டினீங்களா?"

"இல்லையே."

மருதை மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இது நைட்ரேட் உப்பும்மா. சும்மாவே இருக்காது. காத்துல ஈரம் இருந்தாப் போதும், இழுத்து இழுத்துக் குடிச்சுக்கிட்டே இருக்கும். முதல்ல கட்டி தட்டும். அப்புறம் பிசுபிசுக்கும். கடைசில தானாவே கரைஞ்சு இப்படி ஓடும். எல்லாம் தொறந்து போட்டு வச்சதால வந்த வினை."

சொன்னதோடு விடாமல் பையைத் தூக்கித் தராசில் வைத்தார். இரண்டு கிலோ முந்நூற்றைம்பது காட்டியது.

"பாத்துக்குங்க. அன்னிக்கு நான் குடுத்தது கொசுறோட சேத்து ரெண்டு கிலோ அம்பது. இன்னிக்கு முந்நூறு கிராம் கூட இருக்கு. எல்லாம் உங்க வீட்டுக் காத்துல இருந்த தண்ணி. நான் குறைச்சா குடுத்தேன்?"

கடையில் சிரிப்பு எழுந்தது. அப்போதுதான் மூன்று கிலோ வாங்கி முடித்திருந்த தமிழ்மணி, பையைக் கையில் பிடித்தபடி உரக்கச் சொன்னார்.

"பொருளைப் பத்திரமா வைக்கத் தெரியாது. குத்தம் சொல்ல மட்டும் வந்துடுவாங்க."

சந்திரம்மாளுக்கு முகம் சுண்டிப் போயிற்று. இந்த உப்பை நம்பித்தான் அவளுடைய அரை ஏக்கர் தக்காளி நின்றுகொண்டிருந்தது. காயெல்லாம் அடியில் கறுத்து அழுகின. சுண்ணாம்புச் சத்து போதவில்லை, லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து அடியுங்கள் என்று வேளாண்மை ஆபீசில் சொன்னார்கள். இதற்கு முன்பும் இந்தக் கடையிலேயே வாங்கி, கிராம் பிசகாமல் நிறுத்து, மூன்று தடவை அடித்தாயிற்று. அழுகல் நின்றபாடில்லை. நேற்று திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு அனுப்பிய எட்டுக் கூடையும் அப்படியே திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவையும் நிற்காவிட்டால் செடியைப் பிடுங்கிப் போட வேண்டியதுதான்.

அவள் கண் கலங்குவதை மருதை கவனித்தார்.

"சரி விடுங்க. தப்பு உங்க பக்கம்தான். ஆனா அதுக்காகச் செடி என்ன பண்ணும்? இதை இங்கயே வச்சிட்டு வேற ரெண்டு கிலோ கொண்டு போங்க. காசு வேணாம்."

"இந்த மனசு யாருக்கு வரும்?" என்றார் தமிழ்மணி. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

மருதை வாசலோர மூட்டைக்குப் போனார். வெளியே தூறல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கரண்டி உள்ளே இறங்கவில்லை. அதன் காம்பால் நாலு குத்துக் குத்திக் கட்டியை உடைத்தார். அள்ளிய உப்பு கரண்டியை விட்டு விழவில்லை. தட்டித் தட்டித்தான் போட வேண்டியிருந்தது.

தராசு இரண்டு கிலோவில் நின்றது. வழக்கம்போல ஒரு கைப்பிடி அள்ளி மேலே போட்டார்.

"இந்தாங்க, கொசுறு. இந்தத் தடவையாவது வாயைக் கட்டி வைங்கம்மா."

சந்திரம்மாள் உப்பைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. விரலைப் பார்த்தாள். பிறகு மூட்டையைப் பார்த்தாள்.

"அண்ணே, ஒரு சந்தேகம்."

"கேளுங்கம்மா."

"எங்க வீட்டுல அஞ்சே நாள்ல ரெண்டு கிலோ உப்பு முந்நூறு கிராம் தண்ணி குடிச்சிருக்கு. நான் போட்டு வச்ச அழகு அப்படி. ஒத்துக்கிறேன்."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"உங்க கடையில இந்த மூட்டை எத்தனை நாளாண்ணே வாயைத் தொறந்துக்கிட்டு நிக்குது? மூணு தடவை நான் நிறுத்து அடிச்சதுல உப்பு எவ்வளவு, தண்ணி எவ்வளவு?"

தமிழ்மணி தன் பைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். எடுத்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பையைக் கொண்டுவந்து சந்திரம்மாளின் பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

மருதை இருவர் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து அதே மூட்டையிலிருந்து இரண்டு பைக்கும் இன்னும் ஒவ்வொரு கைப்பிடி கொசுறு அள்ளிப் போட்டார்.