நோயில்லாத ஆள்

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கான பயிற்சி வகுப்பு. ஸ்கேன் செய்து காட்ட நோயில்லாத ஓர் ஆள் வேண்டும் என்றார் பேராசிரியர். டாக்டர் வேதவல்லி, வெளியே ஜீப்பில் இருந்த தன் டிரைவர் அருளப்பனைக் கூட்டிவந்தாள். அவர் கூச்சத்தோடு சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார்.

“நல்ல ஈரல் எப்படியிருக்கும்னு பாருங்க” என்று பேராசிரியர் கருவியை வயிற்றில் வைத்தார். பெரிய திரையில் சாம்பல் நிறம் பரவியது. பேசிக்கொண்டே வந்தவர் சட்டென நிறுத்தினார். கருவி விலகிப்போய், மறுபடியும் அதே இடத்துக்கு வந்தது. அங்கே கருமையாக ஒரு திட்டு. அதைச் சுற்றிச் சின்னச் சின்னதாக இன்னும் சில. கூடத்தில் அத்தனை மருத்துவர்களுக்கும் புரிந்துவிட்டது.

அருளப்பன் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார்.

“இதான் என் ஈரலா மேடம்?”

“ஆமாண்ணே.”

“எம் பொண்ணு நர்சிங் படிக்குதுல்ல, பார்த்தா சந்தோசப்படும். ஒரு போட்டோ எடுங்க.”

அவர் நீட்டிய போனை வேதவல்லி வாங்கி, திரையை விட்டுவிட்டு, அவருடைய சிரித்த முகத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

அவர் பார்த்தார்.

“ஈரல் விழலையே மேடம். இன்னொண்ணு எடுங்க” என்று போனை மறுபடியும் நீட்டினார்.